ஆறரைப் பக்கத்து வார்த்தை

இனிமேல் இந்த வீட்டில் ஒரு தம்ளரைக்கூட நகர்த்துவதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலை சபதம் எடுத்தேன். சபதம் எடுக்கும்போது கையில் ஒரு தம்ளர் இருந்தது. அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் சபதத்தை முடித்தேன். எதையும் பாதியில் விடும் பழக்கம் எனக்குக் கிடையாது.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். அரை நாள் அங்கே ஊரார் பிழையைத் திருத்துவேன். மீதி நாள் வீட்டில் என் பிழைகளைத் திருத்த மனைவி இருக்கிறாள். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் ஓர் ஆங்கில-தமிழ் அகராதிக்கு வார்த்தை எழுதிக் கொடுக்கிறேன். பெரிய ஆசிரியர் என்று ஒருவர் தபாலில் வார்த்தை அனுப்புவார். அவரை நான் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதுமில்லை. அந்த வார்த்தைக்கு எத்தனை அர்த்தமோ அத்தனை சீட்டு எழுத வேண்டும். சீட்டுக்கு ஓர் அர்த்தம், அர்த்தத்துக்கு ஓர் உதாரணம்.

ஆறு வருஷமாக எனக்கு வந்ததெல்லாம் ஒற்றை அர்த்த வார்த்தைகள். பென்சில். குடை. ஒட்டகச்சிவிங்கி. ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்துதான் நீளமே தவிர அர்த்தம் நீளமில்லை. பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு அறையிலிருந்து வெளியே வந்தால், "முடிஞ்சிருச்சா? அப்ப பரண் மேல இருக்கற அட்டைப்பெட்டியெல்லாம் இறக்கிடுங்க" என்பாள் மனைவி. பரணுக்குப் பயந்தே நான் ஒட்டகச்சிவிங்கியை இரண்டு நாள் இழுத்தேன்.

சபதத்துக்கு முந்திய சனிக்கிழமை வந்த உறையைப் பிரித்தால் உள்ளே 'ரன்' இருந்தது. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. ஓடு என்று எழுதினால் தீர்ந்தது, காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும், அப்புறம் பரண்தான் என்று மனம் சோர்ந்துபோனேன். சும்மா ஒரு பார்வைக்குப் பெரிய ஆங்கில அகராதியைத் திறந்தேன். ஆறரைப் பக்கம். பொடி எழுத்து. வரிக்கு வரி ஓர் அர்த்தம்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் காப்பி ஆறியே போய்விட்டது. ஆறரைப் பக்கம் என்றால் ஒரு மாத வேலை. வேலையில் இருப்பவனைப் பரண் ஏறச் சொல்ல எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

அதோடு எனக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. பின்னறை. ஒரு ஜன்னல், ஒரு மேஜை, உள்ளிருந்து தாழ் போடுகிற மாதிரி ஒரு கதவு. குளியலறையை விட்டால் எங்கள் வீட்டில் தாழ் உள்ள அறை அது ஒன்றுதான். அங்கே ஒரு சுவரோரம் என் மேஜை, எதிர்ச் சுவரோரம் அவள் தையல் மெஷின். நான் எழுத உட்கார்ந்தால் மெஷின் கடகடவென்று அடிக்கும். அவள் தைக்க உட்கார்ந்தால் எனக்கு இருமல் வரும். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் எனக்கே எனக்கென்று நான் ஆசைப்பட்டது அந்த அறை ஒன்றுதான். அதற்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, ஒன்றும் செய்யாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு மத்தியானம் உட்கார வேண்டும். இதை ஓர் ஆண்மகன் கேட்கக் கூடாதா?

திங்கட்கிழமை தம்ளரைக் கவிழ்த்த கையோடு பின்னறைக்குப் போனேன். அவள் பல்லால் நூலை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வார்த்தை முடியற வரைக்கும் என்கிட்ட யாரும் எந்த வேலையும் கேக்கக் கூடாது."

"யாரும்னா? வீட்டுல இருக்கறது நாம ரெண்டு பேர்தானே."

"பொதுவாச் சொன்னேன்."

"என்ன வார்த்தை?"

"ரன்."

"ஓடறதுதானே. அதுக்கு என்ன அவ்வளவு?"

"ஆறரைப் பக்கம். ஒரு மாசம் ஆகும்."

"அவ்வளவு நாள் ஓடினா உடம்புக்கு நல்லதுதான்" என்றாள். "சரி, கேக்க மாட்டேன்."

சண்டையில்லாமல் ஒப்புக்கொண்டுவிட்டாள். பதினேழு வருஷ அனுபவமுள்ளவனுக்கு அங்கேயே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். எனக்குத் தட்டியது ஆசை மட்டும்தான்.

"இன்னொண்ணு. இதை முடிச்சா இந்த ரூம் எனக்கு. முழுசா. மெஷின் ஹாலுக்குப் போயிடணும்."

"முடிஞ்சுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? போன வருஷம் முடிச்சேன்னு நீங்க சொன்ன பரண் இன்னும் அப்படியேதான் இருக்கு."

"பெரிய ஆசிரியருக்குப் பிடிச்சிருந்தா அடுத்த வார்த்தை அனுப்புவார். இல்லன்னா நிறுத்திடுவார்."

"அப்ப அடுத்த வார்த்தை யார் பேருக்கு வருதோ அவங்களுக்கு ரூம். சரியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேற யார் பேருக்கு வரும்? நானே எழுதித் தரேன்."

நானே என் கையால் எழுதினேன். ஒன்று: அகராதிக்கு வார்த்தை எழுதிக்கொண்டிருப்பவரிடம், அந்த வார்த்தை முடியும்வரை, இந்த வீட்டில் எவரும் எந்த வேலையும் கேட்கக் கூடாது. இரண்டு: அடுத்த வார்த்தை எவர் பெயருக்கு வருகிறதோ, பின்னறை அவருக்கே உரியது. 'நான்' என்று எழுதியிருக்கலாம். தன் பெயரைத் தானே போட்டுக்கொள்வது அழகல்ல என்று பொதுவாக எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினோம்.

அன்றே அச்சகத்தில் எனக்கு நூறு விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டேன். பெயர், அதன் கீழே 'அகராதித் தொகுப்பாளர்', அதன் கீழே 'பின்னறை' என்று முகவரி. நல்ல கெட்டி அட்டை. எனக்குத் தெரிந்தவர்கள் மொத்தம் முப்பது பேர்தான். ஆனாலும் வளரப் போகிறவன் அல்லவா.

செவ்வாய்க்கிழமை எழுத உட்கார்ந்தேன். மேஜை ஆடியது. அதன் இடது முன்கால் பிறவியிலேயே குட்டை. ஆறு வருஷமாக அதற்கு முட்டுக் கொடுத்து வந்தது பெரிய ஆசிரியர் அனுப்பிய வழிகாட்டிக் கையேடு. நாற்பது பக்கம். பிரித்துப் பார்த்ததில்லை. ஆனால் கனமாக எழுதியிருந்தார் என்பதை மேஜை ஒப்புக்கொண்டிருந்தது. இப்போது அது இல்லை.

"ஏம்மா, மேஜைக்குக் கீழ இருந்த புத்தகம் எங்க?"

"நான்தான் எடுத்தேன், பெருக்கும்போது. நீங்க ஒரு மாசம் வேலையா இருக்கப் போறீங்க, எனக்குப் பொழுது போக வேண்டாமா? படிச்சிட்டுத் தரேன்."

"அதையா? அதுல ஒண்ணும் இல்ல."

"நீங்க படிச்சிருக்கீங்களா?"

"ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சதாலதான் படிக்கல."

ஓர் அட்டையை மடித்துக் காலுக்கு அடியில் செருகிவிட்டு எழுத ஆரம்பித்தேன். அட்டை நசுங்க நசுங்க மேஜை ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் பேனா பறந்தது. இந்த ஆங்கிலேயர்கள் விசித்திரமானவர்கள். நமக்கு மூக்கு ஒழுகும், அவர்களுக்கு ஓடும். நமக்குச் சாயம் போகும், அவர்களுக்கு ஓடும். நமக்குச் சர்க்கரை தீரும், அவர்களுக்கு அதுவும் ஓடிவிடும். கடையை நாம் நடத்துகிறோம், அவர்கள் ஓட்டுகிறார்கள். தேர்தலில் நாம் நிற்கிறோம், அவர்கள் ஓடுகிறார்கள். நம் ஆட்கள் ஜெயித்த பிறகுதான் ஓடுவார்கள். காய்ச்சலைக்கூட அவர்கள் படுத்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் பத்துச் சீட்டு எழுதிவிட்டேன்.

ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ஒரு கட்டம் உண்டு. 'உதாரணத்தைக் கண்ணால் கண்டவர் கையொப்பம்.' எழுதுகிறவன் அதில் கையெழுத்துப் போடக் கூடாது, வேறு ஆள் வேண்டும். எப்போதும் மனைவிதான் போடுவாள். பத்துச் சீட்டையும் அவள் மெஷின்மேல் வைத்தேன். அவள் முதல் சீட்டை எடுத்துப் படித்தாள்.

"'குழாயில் நீர் ஓடியது.' எந்தக் குழாய்?"

"ஏதோ ஒரு குழாய்."

"எப்ப ஓடிச்சு?"

"ஏம்மா, சும்மா உதாரணத்துக்கு எழுதறது. கையெழுத்தைப் போடு."

"கண்ணால கண்டவர்னு இருக்கே. நான் காணலையே. கையேட்டுல மூணாம் பக்கமே போட்டிருக்கு, கற்பனை உதாரணம் செல்லாதாம். பொய்க் கையெழுத்தெல்லாம் நான் போட மாட்டேங்க."

"பென்சிலுக்குப் போட்டியே?"

"பென்சிலைப் பார்த்தேனே."

"ஒட்டகச்சிவிங்கிக்கு?"

"கல்யாணமான புதுசுல கூட்டிட்டுப் போய்க் காட்டினீங்களே. மறந்துட்டீங்களா?"

மறந்துதான் போயிருந்தேன். அவள் முகம் வாடியதைப் பார்த்து எனக்குச் சங்கடமாகிவிட்டது. அந்தச் சங்கடத்தில் சிக்கியவன்தான், பிறகு மீளவேயில்லை.

"சரி, வா. குழாயைத் திறந்து காட்டறேன்."

"பின்பக்கக் குழாய்தானே? அது ஓடாதுங்க. சொட்டும். ஓடணும்னா வாஷர் மாத்தணும்."

"வேலை சொல்லக் கூடாதுன்னு ஒப்பந்தம் இருக்கு."

"வேலை யார் சொன்னா? நான் தகவல் சொன்னேன்."

வாஷர் மாற்றினேன். குழாய் என் முகத்திலேயே ஓடியது. அவள் எட்டி நின்று, சீட்டு நனையாமல் புடவைத் தலைப்பில் மூடிக்கொண்டு பார்த்தாள். "இப்பதான் ஓடுது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள். ஒரு சீட்டு தேறியது. என்ன இருந்தாலும் இவள் நேர்மைக்காரி என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பிழை திருத்துபவன் மனத்தில் இப்படியொரு பிழை.

மறுநாள் சாயம். சாயம் போவதை அவள் பார்க்க வேண்டுமென்றால் யாராவது துணி துவைக்க வேண்டும். யாராவது என்றால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், அதில் ஒருவர் சாட்சி. ஒரு வாரத்து அழுக்குத் துணியைத் துவைத்தேன். நடுவில் எங்கிருந்தோ ஒரு புதுச் சிவப்புத் துண்டு வந்து சேர்ந்திருந்தது. என் ஐந்து வெள்ளைச் சட்டைகளும் ரோஜாப்பூ நிறத்துக்கு வந்தன. அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் 'நன்றாக ஓடியது' என்று குறிப்பும் எழுதினாள். அச்சகத்தில் முதலாளி என்னைப் பார்த்து, வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டார்.

வியாழக்கிழமை அவளே சீட்டுக்கட்டோடு வந்தாள்.

"சர்க்கரை டப்பாவைத் தொறந்து பாருங்க. காலி. தீர்ந்துபோறது, பக்கம் ஆறு. ஒரு சீட்டு எழுதிக்கோங்க."

"பரவாயில்லையே, உக்கார்ந்த இடத்துல ஒண்ணு கிடைச்சுது."

"கடைக்கு ஓடிட்டு வர்றது, பக்கம் நாலு. அது தனி. போற வழியில யாரையாவது எதிர்பாராம சந்திக்கறது, அதுவும் தனி."

இவள் ஆறரைப் பக்கத்தையும் படித்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததோடு சரி, அதன்மேல் யோசிக்கவில்லை.

"எதிர்பாராம எப்படிச் சந்திக்கறது? நீ சொன்னப்புறம் நான் எதிர்பார்ப்பேனே."

"யாரைன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நடங்க, நான் பின்னாடியே வரேன்."

படிக்கட்டிலேயே சந்தித்துவிட்டேன். மாடி வீட்டுக்காரர். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கு ஒரு குடியிருப்போர் சங்கம் உண்டு. அதற்குப் பதினோரு வருஷமாக அவர்தான் செயலாளர். செயலாளருக்கு ஒரே செயல், விடியற்காலை ஐந்தரைக்குக் கீழே இறங்கி வந்து தண்ணீர் மோட்டார் போடுவது. மோட்டார் சார் என்று சொன்னால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். அவர் முகத்தில் பதினோரு வருஷத் தூக்கம் பாக்கியிருக்கும்.

"ஞாயித்துக்கிழமை சங்கத் தேர்தல். எனக்கு இந்தத் தடவை முடியாது சார். ஒருத்தரும் நிக்க மாட்டேங்கறாங்க" என்றார்.

"இவர் நிக்கறார்" என்றாள் பின்னாலிருந்து என் மனைவி.

"நானா?"

"பக்கம் ஒண்ணு" என்றாள் மெதுவாக. "தேர்தல்ல நிக்கறது. நீங்க நிக்காம நான் எங்க போய் அதைப் பார்க்கறது?"

மோட்டார் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டேன். எனக்கு ஜென்ம விரோதி யாராவது இருந்திருந்தால்கூட என்னை அவ்வளவு சீக்கிரம் ஜெயிக்க விட்டிருக்க மாட்டான். திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு மோட்டார் ஓட்டினேன். அது இன்னொரு சீட்டு, பக்கம் இரண்டு. சீட்டு ஒன்றுதான், மோட்டார் தினமும்.

மூன்றாவது வாரம் பரண். என்னைப் பரண் ஏறச் சொல்லவில்லை அவள். ஒப்பந்தத்தை மீறுகிறவள் இல்லை. ஹாலில் நின்று மேலே காதைக் கொடுத்து, "எலி ஓடற மாதிரி இருக்கே" என்றாள். "சின்னப் பிராணி குடுகுடுன்னு ஓடறது. பக்கம் ஒண்ணு, நாலாவது வரி."

ஏறிப் பார்த்தேன். அட்டைப்பெட்டிகள்தான் இருந்தன. ஒவ்வொன்றாக இறக்கினேன். எல்லாப் பெட்டியையும் இறக்கி, பரணைத் துடைத்து, திரும்ப அடுக்கிய பிறகுதான் எலி இல்லை என்பது உறுதியாயிற்று.

"எலி இல்லன்னா சீட்டு?"

"இல்லாததை எப்படிங்க பார்க்கறது" என்றாள். நேர்மை.

ஈரமும் தூசியும் விடியற்காலைப் பனியும் சேர்ந்து எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. கட்டிலில் நடுங்கிக்கொண்டு கிடந்தேன். தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"நூத்தி ரெண்டு. அசையாதீங்க, எழுதிக்கறேன்."

"மாத்திரை குடு."

"குடுத்தா இறங்கிடுமே. ஒரே நிமிஷம். உங்களுக்கு மூக்கு வேற ஒழுகுது, அதையும் சேர்த்துக்கறேன்."

மாத்திரை கொடுத்தாள். அதற்கப்புறம் அந்தப் பகல் முழுக்க என் பக்கத்தை விட்டு நகரவில்லை. நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, மடியில் சீட்டுகளை வைத்துக்கொண்டு, என் சார்பில் அவளே அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். பதினேழு வருஷத்தில் இவளை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று தோன்றி அழுகை வந்தது. கண்ணீர் கன்னத்தில் ஓடியதையும் குறித்துக்கொண்டாள். எழுதியது அவள் என்பதால் அந்த மூன்று சீட்டுக்கு மட்டும் சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.

இப்படியாக இருபத்து நான்காம் நாள் வந்தது. அன்று நான் ஜன்னல் திரைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டுத்தையல், பக்கம் ஐந்து. ஊசி விரலில் ஏறியது. துணியை வீசிவிட்டு எழுந்தேன்.

"போதும். இந்த வீட்டை விட்டே ஓடிப்போறேன்."

"ஐயோ, நில்லுங்க" என்றாள். குரல் பதறியது. எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. வாசற்படியில் நின்றேன். "சீட்டு எடுத்துட்டு வந்துடறேன். ஓடிப்போறது இன்னும் எழுதலை."

"நான் நிஜமாவே போறேன்."

"நிஜமா இருந்தாதான் செல்லும். நடந்து போயிடாதீங்க, ஓடணும். நான் பால்கனியில நின்னு பார்க்கறேன்."

கோபத்தில் ஓடினேன். ரோஜாப்பூச் சட்டையோடு தெருவில் ஓடினேன். நன்றாகத் தூங்கி எழுந்து முகம் தெளிந்திருந்த மோட்டார் சார் மாடியிலிருந்து குனிந்து, "சார், எங்க ஓடறீங்க?" என்றார். "அர்த்தத்துக்கு" என்று கத்திவிட்டு ஓடினேன். பஸ் நிறுத்தம் வரை போனதும் மூச்சு வாங்கியது. திரும்பிப் பார்த்தேன். பால்கனியில் நின்று கையை உயர்த்தி, போதும் என்று சைகை காட்டினாள். திரும்பும்போது பால் பாக்கெட் வாங்கி வந்தேன். காலையில் தீர்ந்துபோனது ஞாபகம் வந்தது. வீட்டை விட்டு ஓடிப்போனவன் பாலோடு திரும்பியது எங்கள் தெருவில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

இருபத்தெட்டாம் நாள் வார்த்தை முடிந்தது. எண்பத்து மூன்று சீட்டு. உட்கார்ந்தபடி எனக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, டிவியில் கிரிக்கெட் பார்த்தது. அந்த ஓட்டமும் எங்கள் பக்கத்து ஆள் எடுத்ததில்லை.

"நீங்க களைச்சுப் போயிருக்கீங்க. தபால்ல நானே சேர்த்துடறேன்" என்றாள். உறையை ஒட்டுமுன் உள்ளே ஒரு தாளை வைத்த மாதிரி இருந்தது. கணக்குச் சரியா என்று ஒரு குறிப்பு வைத்திருப்பாள், பொறுப்பானவள் என்று விட்டுவிட்டேன்.

பதில் வரும்வரை நான் சும்மா இருக்கவில்லை. அறையை ஒட்டடை அடித்தேன். தையல் மெஷினைத் தூக்கமுடியாமல் தூக்கி ஹாலில் வைத்தேன். கதவுத் தாழுக்கு எண்ணெய் விட்டேன். தெரிந்த முப்பது பேருக்கும் கார்டு கொடுத்தேன். அவள் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. தோற்றவர்களிடம் பெருந்தன்மையாக நடக்க வேண்டும் என்று, மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலும் போட்டுக் கொடுத்தேன்.

பத்தாம் நாள் தபால்காரர் வந்தார். நான்தான் கதவைத் திறந்தேன். கையை நீட்டினேன். உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அம்மா இல்லைங்களா?"

உறையில் அவள் பெயர். பெரிய ஆசிரியரின் முத்திரை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கி, நிதானமாகப் பிரித்து, சத்தமாகவே படித்தாள்.

'அன்புள்ள அம்மையீர், தாங்கள் சீட்டுகளுடன் வைத்திருந்த விண்ணப்பம் கிடைத்தது. எண்பத்து மூன்று உதாரணங்களில் எண்பதைக் கண்ணால் கண்டவர் தாங்கள். கையேடு முப்பத்தெட்டாம் பக்கத்து விதிப்படி, ஒரு வார்த்தைக்கு ஐம்பது சீட்டுகளுக்கு மேல் சாட்சியாக நின்றவர், விண்ணப்பித்தால், தாமே தொகுப்பாளராவார். இருபது வருஷத்தில் இந்த விதியைப் படித்து விண்ணப்பித்தவர் தாங்கள் ஒருவர்தான். அடுத்த வார்த்தை இத்துடன் வருகிறது. தங்கள் கணவர் இனியும் தங்களுக்கு நல்ல உதாரணமாக இருப்பார் என்று நம்புகிறேன்.'

உறையை வாங்கி, அதன்மேல் இருந்த பெயரை இன்னொரு முறை எழுத்தெழுத்தாகப் படித்தேன்.

"இது அநியாயம். எழுதினது நான்."

"நீங்கதான் எழுதினீங்க. யார் இல்லன்னா?" என்றாள். "ஃப்ரிட்ஜுல ஒட்டியிருக்கறதும் நீங்க எழுதினதுதானே. ரெண்டாவதைப் படிங்க."

படித்தேன். என் கையெழுத்து. அடுத்த வார்த்தை எவர் பெயருக்கு வருகிறதோ. ஒரு பிழைகூட இல்லை. இருந்திருந்தால் நானே திருத்தியிருப்பேன்.

"அப்படியே ஒண்ணாவதையும் படிச்சிடுங்க."

வார்த்தை எழுதிக்கொண்டிருப்பவரிடம் எவரும் எந்த வேலையும் கேட்கக் கூடாது. அதையும் படித்தேன். படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது.

"அப்ப சமையல்?"

"என்கிட்டயா கேக்கறீங்க?"

"இல்ல, பொதுவாக் கேட்டேன்."

உறைக்குள் இன்னொரு சின்னத் தாள் இருந்தது. அடுத்த வார்த்தை, 'செட்'. அதற்கும் ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. பெரிய அகராதியை எடுத்து வந்து பார்த்தேன். பதினோரு பக்கம்.

"நான் எங்க உக்காரறது?" என்றேன்.

"மெஷின் பக்கத்துல ஸ்டூல் போட்டீங்களே, அங்கதான். ரொம்ப நேரம் உக்கார முடியாதுங்க. செட்டுக்கு நிறைய உதாரணம் வேணும். நீங்க செஞ்சு காட்டுவீங்களாம், நான் எழுதிக்குவேனாம். மோட்டார் சாருக்கு இப்ப பொழுது போகலையாம், சாட்சிக் கையெழுத்துக்கு அவர் வரேன்னுட்டார்."

அகராதியையும் கையேட்டையும் எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். நான் எண்ணெய் விட்ட தாழ் சத்தமே இல்லாமல் விழுந்தது. ஹாலில் நின்றபடி சுவரைப் பார்த்தேன். பதினேழு வருஷத்து ஆசை அந்தப் பக்கம் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளே டக் டக் என்று மேஜை ஆடுகிற சத்தம். எனக்கு ஒரு சின்ன நிம்மதி. தாழ் விலகியது. தலையை மட்டும் நீட்டினாள்.

"என்னங்க, உங்க கார்டு மீதி இருக்கா?"

எனக்கு மனம் இளகிவிட்டது. என்னதான் இருந்தாலும் அவளுக்கு என்மேல் ஒரு மதிப்பு இல்லாமலா போகும்? பெரிய ஆசிரியருக்கு அனுப்புவாள். நாலு பேரிடம் கொடுத்து, இவர்தான் எனக்கு வழிகாட்டி என்று சொல்வாள்.

"எழுபது இருக்கும்மா. எத்தனை வேணும்?"

"ஒரு எட்டு போதும்" என்றாள்.

ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன்.

மேஜை இப்போது துளிகூட ஆடுவதில்லை.